மணலுக்குள் ஓடும் பாலாறு

சென்னையிலிருந்து இரயிலில் தெற்கே செல்வோர் செங்கற்பட்டைத் தாண்டியதும் ஒரு நீண்ட பாலத்தைக் கடக்கின்றனர். இவ்வளவு பெரிய பாலத்தின் கீழே ஆறு எங்கே என்று பலரும் எட்டிப் பார்ப்பர். ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் கண்ணுக்குத் தெரிவது மணல், நாணல், சீமைக்கருவேல் புதர்கள் ஆகியவையே. பெயரோ பாலாறு! ‘பெயரில் பால் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர்கூட இல்லை’ என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஆனால் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, தாம்பரம், கல்பாக்கம் முதலிய ஊர்களில் குழாயைத் திறந்தால் வரும் நீரில் ஒரு பகுதி இந்த ‘வறண்ட’ ஆற்றிலிருந்து வருவதுதான். காய்ந்து கிடக்கும் ஆறு எப்படி நகரங்களுக்கு நீர் தருகிறது? அந்த நீர் என்றென்றும் கிடைக்குமா? இக்கேள்விகளுக்கு விடை காண, ஆற்றைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதாது. அதன் கரையில் வாழ்ந்த மக்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் ஆறு மக்களின் வாழ்வை அமைக்கிறது. மக்கள் ஆற்றின் போக்கை மாற்றுகின்றனர். மாறிய ஆறு மீண்டும் மக்களின் வாழ்வை மாற்றுகிறது. பாலாற்றில் இது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

ஆற்றின் வழி

பாலாறு கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அதன் மொத்த நீளம் 348 கி.மீ. இதில் 93 கி.மீ. கருநாடகத்திலும், 33 கி.மீ. ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கி.மீ. தமிழ்நாட்டிலும் உள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகிய ஊர்களைத் தொட்டு வந்து, வாலாஜாபாத் அருகே திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக் கொள்கிறது. முடிவில், சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், வாயலூர் என்னும் ஊருக்கருகே வங்கக் கடலில் கலக்கிறது.

காவிரியைப் போல மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமழை இதற்குக் கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சில நாட்கள் பெருக்கெடுத்து ஓடும். பிறகு மணலுக்குள் ஒளிந்து கொள்ளும். ஆற்றின் முகத்துவாரத்தை அலைகள் மணல் திட்டால் அடைத்துவிடும். அடுத்த வெள்ளம் வந்துதான் அத்திட்டை உடைக்க வேண்டும்.

மணல் ஒரு நீர்த்தொட்டி

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு வாளியில் உலர்ந்த ஆற்று மணலை நிரப்புங்கள். அளவு தெரிந்த குவளையால் மெதுவாக நீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். மணலின் மேல் நீர் தெரியும்வரை எத்தனை குவளை பிடிக்கிறது என்று எண்ணுங்கள். பத்து லிட்டர் வாளியானால், மூன்று லிட்டருக்குக் குறையாமல் நீர் உள்ளே போய்விடும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அவ்வளவு பெரியது.

உள்ளே போன நீர் முழுவதும் திரும்பக் கிடைக்காது. ஒரு பகுதி துகள்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். மணலின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு நீரை வெளியே எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் பத்து மீட்டர் ஆழமும் உள்ள மணல் படுகையில் ஒரு கோடி கன மீட்டர் மணல் இருக்கும். அதிலிருந்து இருபது இலட்சம் கன மீட்டர், அதாவது 200 கோடி லிட்டர் நீர் கிடைக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 55 ஆயிரம் பேருக்கு ஓராண்டுக்குப் போதும்!

இன்னொரு நன்மையும் உண்டு. ஏரி நீரை வெயில் குடித்துவிடும். மணலில் நீர்மட்டம் இரண்டு, மூன்று அடிக்குக் கீழே இறங்கிவிட்டால், வெயிலின் கை அங்கே எட்டுவதில்லை. மணல் நீரை வடிகட்டியும் கொடுக்கிறது. எனவே பாலாறு வறண்ட ஆறு அன்று. மூடி போட்ட ஆறு எனலாம்.

நம் உழவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். கோடையில் ஆற்று மணலில் நீளமான கால் வெட்டுவார்கள். மணலில் ஊறும் நீர் அதில் வடிந்து, நிலச் சரிவில் தானே ஓடி வயலுக்குச் செல்லும். இதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். கபிலையும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் அதனைத் தூர்த்துவிடும். ஊர் கூடி மீண்டும் வெட்டும்.

ஆறு விட்ட வழியில் மக்கள் விட்ட நீர்

பாலாறு எப்போதும் இதே வழியில் ஓடவில்லை. முற்காலத்தில் அது இன்றைய வாலாஜாப் பகுதியிலிருந்து வடகிழக்காக ஓடி, சென்னைக்கு அருகே கடலில் கலந்தது என்று நிலவியலார் கருதுகின்றனர். இன்றைய கொற்றலையாற்றின் பள்ளத்தாக்கு அந்தச் சிற்றாற்றுக்குப் பொருந்தாத அளவுக்கு அகலமானது. செயற்கைக்கோள் படங்களிலும் மண்ணில் புதைந்த பழைய ஆற்றுத் தடங்கள் தெரிகின்றன. கொற்றலையாற்றுக்கு ‘விருத்த க்ஷீரநதி’, அதாவது பழம் பாலாறு, என்ற பெயரும் வழங்கியது. ஆறு மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து, இப்போதுள்ள வழியைப் பிடித்தது.

ஆறு விட்டுச் சென்ற வழியில் மக்கள் மறுபடியும் நீரைத் திருப்பினர். 1850-களில் ஆங்கில அரசு வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டைக் கட்டியது. அங்கிருந்து கால்வாய் வழியே நீர் காவேரிப்பாக்கம் ஏரிக்குச் செல்கிறது. ஏரி நிரம்பி வழியும் நீர் கொற்றலையாற்றில் இறங்குகிறது. 1944-ல் அந்த ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. ஆகவே நல்ல வெள்ளக் காலத்தில், பாலாற்று நீரின் ஒரு பகுதி சென்னை மக்களின் குடிநீராகவும் மாறுகிறது.

ஏரிகளின் சங்கிலி

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்பார்கள். இங்கே ஏரிகள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும் மழையை ஆண்டு முழுவதற்கும் சேமிக்க மக்கள் கண்ட வழி அது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரம் செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால் வெட்டி ஓர் ஏரிக்கு நீர் கொண்டுவந்ததைக் கூறுகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்து, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தனர். தூர் வாருவதற்காகப் பொன்னை நிலைநிதியாக வைத்த செய்திகளும் அக்காலக் கல்வெட்டுகளில் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வோர் ஏரியின் கலங்கலிலிருந்து வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். மேலேயுள்ள ஊர் வரத்துக்காலை அடைத்தால் கீழேயுள்ள ஊர் காயும். மேல் ஏரியின் கரை உடைந்தால் கீழ் ஏரியும் உடையும். ஆகையால் ஊர்கள் ஒன்றோடொன்று பேசி வாழ வேண்டியதாயிற்று. ஏரி, வயலுக்கு நீர் பாய்ச்சியதோடு ஊருக்கு ஒரு நிர்வாகத்தையும் கற்றுக் கொடுத்தது.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 1903 நவம்பரில் வாணியம்பாடி கண்டது. மேலே மைசூர் சமஸ்தானப் பகுதியில் பெருமழையால் ஏரிகள் உடைந்தன. அந்த நீரெல்லாம் ஒன்றாகத் திரண்டு பாலாற்றில் பாய்ந்து, நகரைப் பேரழிவுக்கு உள்ளாக்கிற்று.

மேல் நிலத்திற்கும் கீழ் நிலத்திற்கும் உள்ள இந்த உறவை அரசுகளும் உணர்ந்திருந்தன. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பட்டியலில் குறித்த ஆறுகளில், சென்னையின் இசைவைப் பெறாமல் மைசூர் புதிய நீர்த்தேக்கங்களைக் கட்டலாகாது என்பது அதன் சாரம். அப்பட்டியலில் பாலாறும் ஒன்று. இன்று மூன்று மாநிலங்களுக்கிடையே தடுப்பணைகள் பற்றி எழும் வழக்குகளுக்கு வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

கடலோரப் பட்டினம்

ஆறு கடலைச் சேரும் இடத்திற்கு வருவோம். வாயலூரில் பல்லவ மன்னன் இராசசிம்மனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. பல்லவர் மரபின் மன்னர் பெயர்களை வரிசையாகத் தருவதால் அது வரலாற்றாசிரியர்களுக்கு மிகவும் வேண்டியது. அரச மரபைப் பொறிக்கத்தக்க முக்கியம் இந்த முகத்துவாரத்திற்கு அன்று இருந்திருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். பாலாற்றுச் சமவெளியின் நெசவு ஊர்களில் விளைந்த மெல்லிய பருத்தித் துணி இங்கிருந்து கப்பலேறியது. பின்னர் செங்கல் கோட்டை எழுந்தது. 1782 பிப்ரவரியில் இக்கரைக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. 1824-ல் செய்த ஒப்பந்தப்படி, மறு ஆண்டு ஊர் ஆங்கிலேயரிடம் வந்தது. இன்று சிதைந்த கோட்டையும் டச்சுக் கல்லறைகளும் எஞ்சியுள்ளன.

வணிகம் போனாலும், ஆற்று முகத்துவாரத்தின் நன்னீர் மறுபடியும் மக்களை அழைத்தது. கல்பாக்கத்தில் 1983-ல் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. அணுமின் நிலையத்தில் நீராவியைக் குளிர்விக்கக் கடல் நீர் போதும். ஆனால் பிற வேலைகளுக்கும் ஊழியர் குடியிருப்புக்கும் நன்னீர் வேண்டும். அது பாலாற்று மணலில் அமைத்த கிணறுகளிலிருந்து வந்தது.

மூன்று மாற்றங்கள்

கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் பாலாறு முன்னெப்போதும் காணாத மாற்றங்களைக் கண்டது.

முதலாவது, மின்சார இறைவைப் பம்பு. அது உழவருக்குப் பெரும் விடுதலை அளித்தது என்பதை மறுக்க முடியாது. தன் வயலுக்குத் தானே நீர் இறைத்துக்கொள்ள முடிந்ததும், ஏரியையும் ஊற்றுக்காலையும் நம்ப வேண்டிய தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் பராமரிப்பும் குறைந்தது. நிலத்தடி நீர்மட்டம் ஊற்றுக்காலின் அடிமட்டத்திற்குக் கீழே இறங்கியதும், கால் வெட்டினாலும் நீர் ஊறவில்லை. கிணறு ஆழமாயிற்று, ஆழமான கிணற்றுக்குப் பணமுள்ளவருக்கு மட்டும் நீர் கிடைத்தது.

இரண்டாவது, தோல் பதனிடும் தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் இத்தொழில் வேரூன்ற, ஆற்று மணலில் கிடைத்த நல்ல நீரும் ஒரு காரணம். ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பது, நாற்பது லிட்டர் நீர் செலவாகும். அந்நீர் உப்பும் குரோமியமும் கலந்து வெளியேறும். பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட தொழில், பக்கத்து ஊர் வயலையும் கிணற்றையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறியது. ஏறத்தாழ 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்திய நாட்டின் சட்டத்தின் பகுதி என்றும் கூறியது. ஆக, பாலாறு நாட்டின் சட்டத்தையே மாற்றியது! ஆயினும் பாதிப்பு முற்றிலும் நீங்காததால், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவுகள் பிறப்பிக்க நேர்ந்தது.

மூன்றாவது, மணல். சென்னை வளர வளர, கட்டடங்களுக்கு ஆற்று மணல் தேவைப்பட்டது. 2003-ல் மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. ஆனால் யார் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். முன்பு நாம் போட்ட கணக்கை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மீட்டர் ஆழத்திற்கு மணலை அள்ளினால், இருபது கோடி லிட்டர் நீர் கொள்ளும் இடம் போயிற்று. மணல் முழுவதும் போய்க் களிமண் தெரிந்துவிட்டால், வெள்ளம் வந்தாலும் நீர் உள்ளே இறங்காது; வழுக்கிக்கொண்டு கடலுக்கு ஓடிவிடும். மணலைத் திரும்பக் கொண்டுவரப் பல வெள்ளங்கள் வேண்டும்.

கடல் உள்ளே வருகிறது

மேலே நடந்தவற்றின் விளைவு கீழே முகத்துவாரத்தில்தான் கடுமையாகத் தெரிகிறது. கடலோரத்தில் நிலத்தடியில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீர் சற்றுக் கனமானது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல் நீரின் அடர்த்தி 1.025. எனவே 40 மீட்டர் உயரமுள்ள கடல் நீரைச் சமன் செய்ய 41 மீட்டர் உயரமுள்ள நன்னீர் வேண்டும். இதன் பொருள் என்ன? கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கிணறுகளால் இறைத்து அந்த ஒரு மீட்டரை அரை மீட்டராக்கினால், உப்பு நீர் 20 மீட்டர் மேலே ஏறிவிடும்! நடைமுறையில் மண்ணின் தன்மையைப் பொறுத்து இது மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

இவ்விதியைக் கண்டவர்களில் ஒருவர் பேடன் கைபென் என்னும் டச்சுப் பொறியாளர். அவர் தம் நாட்டுக் கடலோரத்தை ஆராய்ந்து 1880-களின் இறுதியில் இதனை வெளியிட்டார். அப்போது டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தை விட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் விட்டுச் சென்ற கரையில்தான் அவ்விதி இன்று நமக்குப் பயன்படுகிறது.

கடற்கரையும் ஆற்றின் பிள்ளை

ஆறு கடலுக்குக் கொடுக்கும் நீரை ‘வீணாகும் நீர்’ என்கிறோம். அது தன்னுடன் மணலையும் கொண்டு செல்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. சென்னைத் துறைமுகச் சுவர் கட்டியபின் அதற்குத் தெற்கே மெரினா மணல் விரிந்ததும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதனால்தான். பாலாற்றின் முகத்துவாரத்திற்கு வடக்கே இருப்பவை கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம். ஆறு தரும் மணல் இக்கரைகளின் வழியேதான் நகர்ந்து செல்கிறது.

மணல் வரத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து ஒரு பாடம். 1970-ல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின், நைல் நதியின் வண்டல் அணைக்குள் தங்கிவிட்டது. ஆற்றின் கழிமுகத்தில் கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. பாலாறு நைல் அன்று. எனினும் விதி ஒன்றே.

வாயலூர் தடுப்பணை

2019-ல் வாயலூர் அருகே பாலாற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டி முடிக்கப்பட்டது. அவ்வாண்டு மழையிலேயே அது நிரம்பியது. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுப்பதும், தேங்கிய நீரை மணலுக்குள் இறங்கச் செய்வதும் அதன் வேலை. நன்னீர் மட்டம் ஒரு முழம் உயர்ந்தால் உப்பு எவ்வளவு கீழே இறங்கும் என்பதை இப்போது நீங்களே கணக்கிடலாம்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. செத்துவிட்டது என்று பலரும் கருதிய ஆறு, தன் அகலம் முழுவதும் தனக்கு வேண்டும் என்று காட்டிவிட்டுச் சென்றது.

ஆனால் ஒரு தடுப்பணை மட்டும் ஆற்றைக் காப்பாற்றாது. அது நீரைத் தடுக்கும். கழிவைச் சுத்தம் செய்யாது. மேலேயிருந்து மணல் வராவிட்டால் மணலை உண்டாக்காது. ஏரி வரத்துக்கால்கள் அடைபட்டிருந்தால் நீரையும் தராது. வாயலூரில் நீர் இனிக்க வேண்டுமானால், வாணியம்பாடியில் கழிவு சுத்தமாக வேண்டும். உத்திரமேரூரில் ஏரி தூர் வார வேண்டும். இடையிலுள்ள மணல் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஏரி வாரியத்தார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் ஏரிக்குச் செய்ததை, இன்று மூன்று மாநிலங்கள் ஓர் ஆற்றுக்குச் செய்ய வேண்டியிருக்கிறது. அது பெரியோர் பொறுப்பு. மாணவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர்க் கிணறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாதந்தோறும் ஒரே நாளில், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு, நீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். பக்கத்தில் அம்மாத மழையளவையும் குறியுங்கள். கடலோர ஊரானால், நீர் உவர்க்கிறதா என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மழைக்கும், இறைப்புக்கும், உப்புக்கும் உள்ள தொடர்பு உங்கள் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.